அத்தியாயம் 5: நாளெல்லாம் காத்திருந்து முக்கால் நிமிடம் பார்ப்பது

ஒன்பது வயதுப் பிள்ளை 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீந்தி முடிக்க முக்கால் நிமிடம் ஆகும். கொஞ்சம் தயங்கினால் ஒரு நிமிடம். மூன்று ஈவென்ட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால் அன்றைக்குப் போட்டிக்கென்று அவன் தண்ணீரில் இருக்கப்போவது மொத்தமே மூன்று, மூன்றரை நிமிடம். அதற்காக நீங்கள் ஐந்து மணிக்கு எழுந்து, ஆறரைக்குக் குளத்தில் இருந்து, பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவீர்கள். மீதி நேரம் முழுக்கக் காத்திருப்புதான். நீந்துவதற்குப் பிள்ளையை மாஸ்டர் தயார்செய்துவிடுவார். காத்திருப்பதற்கு நம்மைத் தயார்செய்ய ஆளில்லை.

முதல் மீட்டில் எங்களுக்கு நடந்தது இது. பையனை மாஸ்டரோடு காலையிலேயே அனுப்பிவிட்டு, கல்யாணத்துக்குப் போவதுபோல ஆயா, தாத்தா, சித்தி, சித்தி பிள்ளைகள் என்று ஏழு பேர் இரண்டு ஆட்டோவில் பத்தரை மணிக்குப் போய் இறங்கினோம். அவனுடைய முதல் ஈவென்ட் ஏழே முக்காலுக்கே முடிந்திருந்தது. அடுத்தது மூன்று மணிக்கு. நடுவில் நிழலும் இல்லை, உட்கார இடமும் இல்லை. ஆயா ஒரு மணிக்கு, "இதுக்கு பீச்சுலயே குளிக்க விட்டிருக்கலாம்" என்றார்.

பெயர் கொடுக்கும்போது

நீச்சல் சங்கம் நடத்தும் போட்டிகளில் வயதைக் கணக்கிட, அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு எத்தனை வயது என்று பார்ப்பார்கள். போட்டி நடக்கும் நாளில் என்ன வயது என்பது கணக்கில்லை. ஜனவரி முதல் வாரத்தில் பிறந்தவனும் டிசம்பர் கடைசி வாரத்தில் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினொரு மாத இடைவெளி உயரத்திலேயே தெரியலாம். உங்கள் பிள்ளை டிசம்பர்க்காரன் என்றால், பக்கத்து லேன் பையன் ஏன் அவ்வளவு பெரியவனாகத் தெரிகிறான் என்று முதலிலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

குரூப் எண்ணும் தலைகீழாக இருக்கும். குரூப் 1 என்பது 15 முதல் 17 வயது வரையிலான பெரிய பிள்ளைகள்; எண் கூடக்கூட வயது குறையும். சின்னப் பிரிவுகளின் எல்லையை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், போன வருடச் சுற்றறிக்கையை நம்பாமல் இந்த வருடத்ததை வாங்கிப் பாருங்கள்.

மாநில அளவுக்கும் அதற்கு மேலும் போவதென்றால் இந்திய நீச்சல் சம்மேளனத்தின் யு.ஐ.டி. எண் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளியின் போனஃபைடு ஆகிய மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். நம்ம புதுச்சேரியில் இது சின்ன விஷயமில்லை. 1954-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து நிர்வாகம் கைமாறி, 1962-இல் இந்தியாவோடு சட்டப்படி இணைந்து இத்தனை வருடமாகியும், அப்பா பெயர் முன்னால் வரும் தாள் ஒன்று, குடும்பப்பெயர் பின்னால் வரும் பிரெஞ்சுத் தாள் ஒன்று என்று வைத்திருக்கும் வீடுகள் இங்கே நிறைய. பிள்ளையிடம் இருப்பது பிரெஞ்சு பாஸ்போர்ட் என்றால் இன்னொரு விஷயமும் உண்டு. இந்திய அணியில் இடம்பெற இந்தியப் பாஸ்போர்ட் வேண்டும் என்று 2008-இல் மத்திய விளையாட்டு அமைச்சகம் சொல்லிவிட்டது. ஊர் அளவிலான மீட்டுக்கு இது குறுக்கே வராமல் போகலாம். ஆனாலும் பெயர் கொடுக்கும் அன்றே நடத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளை மெடல் வாங்கி நிற்கும்போது கேட்கிற கேள்வியில்லை இது.

பையில் என்ன

நீச்சல் கண்ணாடி இரண்டு, கேப் இரண்டு, டவல் இரண்டு. கண்ணாடியின் ரப்பர் வார் அறுவது எப்போதுமே பிளாக்கில் ஏறுவதற்கு இரண்டு நிமிடம் முன்புதான். புதுக் கண்ணாடியை மீட் அன்று முதன்முதலாகப் போட வைக்காதீர்கள். உள்பக்கத்தை விரலால் தேய்க்கவும் வேண்டாம். பனி படியாமல் இருக்கப் பூசியிருக்கும் பூச்சு போய்விடும். எல்லாவற்றிலும் மார்க்கரால் பெயர் எழுதுங்கள். அறுபது பிள்ளைகளிடம் ஒரே நீலக் கேப் இருக்கும்.

தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள். போட்டி சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை ஆயா எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார், கெஞ்சியாவது தடுத்துவிடுங்கள். எண்ணெய்த் தலையில் கேப் நிற்காது. டைவ் அடித்த வேகத்தில் கழன்று போகும். கேப் போனால் நீந்துவதை நிறுத்த வேண்டியதில்லை, தண்டனையும் இல்லை. ஆனால் முடி கண்ணில் விழ, பிள்ளை நடுக்குளத்தில் கையை உயர்த்தி அதை ஒதுக்கும். அங்கே போய்விடும் இரண்டு விநாடி.

விலை கூடிய போட்டி உடை இந்த வயதுக்குத் தேவையில்லை. 2009-இல் ரோம் உலகப் போட்டியில் பாலியூரித்தேன் உடைகளைப் போட்டுக்கொண்டு 43 உலக சாதனைகளை உடைத்தார்கள். 2010-இலிருந்து அவற்றைத் தடை செய்துவிட்டார்கள். உடை வேகம் தரும் என்பது உண்மைதான். ஆனால் திருப்பத்தில் சுவரைச் சரியாக உதைக்கத் தெரியாத பத்து வயதுக்காரனுக்கு அது தரும் வேகத்தைவிட உங்கள் பணம் வேகமாகப் போகும்.

வேளச்சேரிக்குப் போகும்போது

ஊருக்குள் நடக்கும் மீட் பழகியபின் அடுத்தது பெரும்பாலும் சென்னைதான். 1995 தெற்காசிய விளையாட்டுக்காகக் கட்டிய வேளச்சேரிக் குளம் 50 மீட்டர். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டின் நீச்சலும் அங்கேதான் நடந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஏழு மணி வார்ம்-அப்புக்கு மூன்றரைக்கே கிளம்பவேண்டும். முடிந்தால் முதல் நாள் ராத்திரியே போய்த் தங்குங்கள். மரக்காணம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்த பிள்ளை அன்றைக்கு நீந்தி நான் பார்த்ததில்லை.

25 மீட்டர் குளத்தில் பழகியவனுக்கு 50 மீட்டர் குளம் ஒரு அதிர்ச்சி. என் பையன் முதல்முறை அதன் ஓரத்தில் நின்று, "அப்பா, அந்தப் பக்கத்துச் சுவர் எங்க?" என்று கேட்டான். பாதி தூரத்தில் பிடித்துத் திரும்ப, காலால் உதைக்க, ஒரு மூச்சு வாங்க அவனுக்கு ஒரு சுவர் இருந்தது. இங்கே அது இல்லை. டைமும் கூடத்தான் செய்யும். திருப்பத்தின் உதை தரும் வேகம் அங்கே கிடைக்காது. 25-இல் எடுத்த நேரத்தை வைத்து 50-இல் எடுத்ததைத் திட்டாதீர்கள். (50 மீட்டர் குளமும் லேன் குறித்த போட்டியும் ஒலிம்பிக்கில் முதலில் வந்தது 1924-இல் பாரிஸில். நம்மூர்க்காரர்கள் இதற்கும் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்.)

வார்ம்-அப்பில் குளம் திருவிழாக் கூட்டமாக இருக்கும். ஒரே லேனில் பதினைந்து பேர். டைவ் அடிக்க அனுமதித்த லேனைத் தவிர மற்றதில் குதிக்கக்கூடாது. அடியில் இன்னொரு பிள்ளை இருக்கும். பேக்ஸ்ட்ரோக் போடுகிறவர்கள் இந்த நேரத்தில் ஒன்றைக் கட்டாயம் செய்யவேண்டும். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் குளத்துக்குக் குறுக்கே கொடிகள் கட்டியிருக்கும். அந்தக் கொடியிலிருந்து சுவருக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணிவைக்க வேண்டும். எண்ணாதவன் ஒன்று தலையில் இடித்துக்கொள்வான், அல்லது சுவருக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே கையை நீட்டிக்கொண்டு மிதப்பான்.

சுவரில் ஒட்டிய தாள்

ஸ்டார்ட் லிஸ்ட்டை ஒட்டியதும் எல்லாரும் ஓடிப்போய் போனில் படமெடுப்பார்கள். எடுத்தபின் என்ன பார்க்கவேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. ஈவென்ட் எண், ஹீட் எண், லேன் எண் ஆகிய மூன்றையும் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். நீங்கள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாலும் கை அவனோடு இருக்கும்.

எட்டு லேன் குளத்தில் அந்த ஹீட்டின் வேகமான நேரம் வைத்திருப்பவர் நான்காவது லேனில். அடுத்தவர் ஐந்தில், பிறகு மூன்று, ஆறு, இரண்டு, ஏழு, ஒன்று, எட்டு. ஆறு லேன் குளத்தில் மூன்றாவது லேன்தான் நடு. ஓர லேன் கிடைத்தால் யாரும் ஓரவஞ்சனை செய்யவில்லை. கொடுத்த டைமிங்கின்படி கணக்கு அப்படி விழுந்திருக்கிறது. டைமே இல்லாத புதுப்பிள்ளை முதல் ஹீட்டில் வருவான்; வேகமானவர்கள் கடைசி ஹீட்டில். ஆகவே முதல் மீட்டுக்கு வரும் குடும்பம்தான் எல்லாரையும்விட முந்தி வந்திருக்க வேண்டும். நாங்கள் ஏழு பேர் தவறவிட்டது இதனால்தான்.

இன்னொரு குழப்பம் இதிலேயே பிறக்கும். ஊர் மீட்களில் பெரும்பாலும் தனியாக இறுதிச்சுற்று இருக்காது. எல்லா ஹீட்டின் நேரத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து இடம் கொடுப்பார்கள். இரண்டாவது ஹீட்டில் முதலாவதாக வந்தவன் மொத்தத்தில் பதினோராவதாக இருக்கலாம். பிள்ளை கையை ஆட்டிக்கொண்டு மேலே ஏறும்போது தாத்தா பாதாம் பால் ஆர்டர் செய்திருப்பார். கொடுங்கள், ஹீட்டில் முந்தியதும் சந்தோஷம்தான். மெடல் வரும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சாப்பாடு, வெயில்

இட்லி நல்லது, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் வேண்டாம். வாழைப்பழம், பேரீச்சை, கடலை மிட்டாய், நம்மூர் பேக்கரி நீள ரொட்டியில் கொஞ்சம் ஜாம் எல்லாம் சின்னச் சின்னதாக, ஈவென்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். மட்டன் பிரியாணி சாயங்காலத்துக்கு. தண்ணீரில் இருப்பதால் தாகம் தெரியாது. நீங்களே பாட்டிலை நீட்டவேண்டும். திறந்தவெளிக் குளத்தில் மே மாத வெயில் தோளை உரித்துவிடும். ஆனாலும் நீந்தி மேலே வந்ததும் காற்றில் பல் கிட்டும் பிள்ளையைப் பார்ப்பீர்கள். உடனே துடைத்து உலர்ந்த சட்டை போட்டுவிடுங்கள். அடுத்த ஈவென்ட் வரை ஈர உடையில் உட்காரவைக்காதீர்கள்.

பெண்பிள்ளையின் அம்மாவிடம், "கறுத்துப்போயிடப் போறா" என்று சொல்ல ஓர் அத்தை எப்போதும் வருவார். பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம். பதினொன்று, பன்னிரண்டு வயதில் மாதவிடாய் தொடங்கும் பிள்ளைக்கு மட்டும் முன்கூட்டியே அம்மாவோ அக்காவோ பேசி, என்ன வசதி என்று வீட்டிலேயே பழகவைத்துவிடுங்கள். அன்றைக்கு நீந்துவதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும்; காரணத்தை மாஸ்டரிடம் நாலு பேர் முன்னால் விளக்கவேண்டிய நிலை அவளுக்கு வரக்கூடாது. உடை மாற்றும் அறை எந்தப் பக்கம், தாழ்ப்பாள் விழுகிறதா என்று போனவுடன் பார்ப்பதும் இதில் சேரும்.

படம் எடுக்கும்போது பின்னால் நீச்சலுடையில் மற்றவர் பிள்ளைகள் இருப்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுமுன் வெட்டுங்கள்.

பெயர் கூப்பிட்டதும்

போட்டிக்கு இருபது நிமிடம் முன்னால் மைக்கில் ஈவென்ட்டைக் கூப்பிடுவார்கள். பிள்ளை மார்ஷலிடம் போய் வரிசையில் உட்காரவேண்டும். அங்கே அம்மா அப்பாவுக்கு இடமில்லை. கூப்பிட்டபோது இல்லாவிட்டால் யாரும் தேடி வரமாட்டார்கள். லேன் காலியாகவே போகும். எங்களுக்கு ஒருமுறை அப்படித்தான் போயிற்று: கேன்டீனில் தோசைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றோம், ஒலிபெருக்கி அந்தப் பக்கம் கேட்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் ஐந்தாவது லேனில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அந்த வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் நாற்காலியில் கால் தரையில் எட்டாத எட்டுப் பிள்ளைகள். ஒருவன் கண்ணாடியைப் போட்டுப் போட்டுக் கழற்றுவான். ஒருத்தி முன்கையில் எழுதிய எண்ணைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். இன்னொருவன் ஒண்ணுக்கு வருகிறது என்பான், நிஜமாகவே வராது. வேலிக்கு வெளியே நின்று, "தம்பி, கைய நல்லா நீட்டு! காலு, காலு!" என்று அப்பாக்கள் கத்துவார்கள். ஆறு மாதத்தில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததை அந்த ஐந்து நிமிடத்தில் நாம் திருத்தப்போவதில்லை. கையை ஆட்டிவிட்டுப் போய் உட்காருங்கள்.

பிறகு விசில். குட்டிக் குட்டி விசில்கள் வந்தால் டிராக்சூட்டைக் கழற்றித் தயாராகு என்று பொருள். நீள விசில் ஒன்று வந்தால் பிளாக்கில் ஏறவேண்டும். பேக்ஸ்ட்ரோக் என்றால் முதல் நீள விசிலுக்குத் தண்ணீரில் இறங்கி, இரண்டாவதற்குச் சுவரைப் பிடிக்கவேண்டும். "டேக் யுவர் மார்க்ஸ்" என்றதும் எல்லாரும் அசையாமல் நிற்கவேண்டும். அந்த இரண்டு விநாடிதான் குளம் முழுக்க அமைதியாக இருக்கும் நேரம். அப்போது நீங்கள் பெயர் சொல்லிக் கூவினால் பிள்ளை முன்கூட்டிக் குதித்துவிடலாம். ஒரே ஒரு தப்பான ஸ்டார்ட்டுக்கே வெளியே போட்டுவிடுவார்கள். பஸ்ஸர் அடித்தபின் தொண்டை கிழியக் கத்துங்கள். தண்ணீருக்குள் ஒன்றும் புரியாது, ஆனால் உங்கள் மனசு ஆறும்.

நேரம் பார்ப்பது

நான் சில மீட்களில் ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்: உங்கள் போனில் வந்த நேரத்தைக் காட்டிச் சண்டை போடாதீர்கள். ஒலி 34 மீட்டர் கடக்க ஏறத்தாழ 0.1 விநாடி ஆகும். கேலரியில் அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பஸ்ஸர் சத்தத்துக்கு அமுக்கினால் உங்கள் கடிகாரம் தொடக்கத்திலேயே பிந்திவிடும்; கடைசியில் பிள்ளையின் கை சுவரைத் தொட்டதா, இல்லை தொடப்போகிறதா என்பதும் அங்கிருந்து தெரியாது. கையால் நேரமெடுக்கும்போது முறைப்படி ஒரு லேனுக்கு மூன்று பேர். இரண்டு பேர் நேரம் ஒத்துப்போனால் அது. மூன்றும் வேறுவேறானால் நடுவில் வருவது. 2008-இல் பெய்ஜிங்கில் 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஃபெல்ப்ஸ் சாவிச்சை முந்தியது 0.01 விநாடியில். கேலரியில் பார்த்தவர்களில் பாதிப் பேர் சாவிச்தான் ஜெயித்தார் என்று நினைத்திருப்பார்கள்.

டி.க்யூ.

டிஸ்குவாலிஃபை, அதாவது தகுதிநீக்கம். இது நடக்கும். ஒரு தடவையாவது நடக்கும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொடவேண்டும். அவசரத்தில் ஒரு கை முந்தும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒரு கால் கத்தரிக்கோல்போல் வெட்டும். பேக்ஸ்ட்ரோக்கில் சுவரைத் தேடிக் குப்புறத் திரும்பி முடிப்பார்கள். ஃப்ரீஸ்டைலில் களைத்துத் தரையில் காலூன்றி நின்றால் தப்பில்லை, நடந்தால்தான் தப்பு. இதைப் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். நிற்கலாம் என்று தெரிந்த பிள்ளை பயப்படாது, பெரும்பாலும் நிற்கவும் செய்யாது.

டி.க்யூ. ஆனதைச் சில இடங்களில் மைக்கில்கூடச் சொல்லமாட்டார்கள். ரிசல்ட் தாளில் நேரம் இருக்கவேண்டிய இடத்தில் அந்த எழுத்துகள் இருக்கும். பிள்ளைக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது. நடுவரிடம் நேராகப் போகாதீர்கள். ஆட்சேபம் இருந்தால் அணி மேலாளரோ மாஸ்டரோ எழுத்தில், அரை மணி நேரத்துக்குள், கட்டணத்தோடு கொடுக்கவேண்டும். நான் பார்த்தவரையில் பத்தில் ஒன்பது முறை நடுவர் சொன்னது சரி. அவர் சுவருக்கு நேர்மேலே நிற்கிறார். நாம் ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

அழுகிற பிள்ளைக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் எக்குவடோரியல் கினியாவின் எரிக் முசாம்பானி 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கு வந்தார். அவர் ஹீட்டில் மூன்றே பேர். மற்ற இருவரும் முன்கூட்டிக் குதித்து வெளியே போனார்கள். 50 மீட்டர் குளத்தை அதற்குமுன் சரியாகப் பார்த்திராத முசாம்பானி தனியாக நீந்தினார். 1 நிமிடம் 52.72 விநாடி. கடைசியில் கிட்டத்தட்ட நின்றேவிட்டார். அரங்கமே எழுந்து கத்தியது. இந்தக் கதையில் என் பையனுக்குப் பிடித்தது முசாம்பானி இல்லை. "ஒலிம்பிக்ல கூட ரெண்டு பேர் டி.க்யூ. ஆனாங்களா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மேலே ஏறியதும்

பிள்ளை நேராக மாஸ்டரிடம் போகட்டும். அவர் திருப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை, மூச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். பிறகு உங்களிடம் வருவான். டவலைக் கொடுங்கள், பசிக்கிறதா என்று கேளுங்கள். எத்தனையாவது என்று அவனே சொல்வான். சொல்லாவிட்டால் கேட்காதீர்கள்.

கடலூர் தாண்டினால் நெய்வேலி. இடுக்கியில் பிறந்த சஜன் பிரகாஷ் அங்கேதான் வளர்ந்து நீந்தப் பழகினார். அம்மா சாந்திமோள் தடகள வீராங்கனை, அனல்மின் நகரில் வேலை. 2021 ஜூனில் ரோமில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக்கின் நேரடித் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியரானார் சஜன். அப்போது அவருக்கு 27 வயது. ஒன்பது வயதில் வாங்காத மெடலுக்காக வீட்டில் சாப்பாட்டை மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வைக்கும் பெற்றோர் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சான்றிதழை அன்றே வாங்கிவிடுங்கள். பிறகு அனுப்புகிறோம் என்றால் வராது. பெயர், தேதி, ஈவென்ட், முத்திரை சரியா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பின்னால் சென்டாக் கல்லூரிச் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எந்த அளவிலான போட்டி, யார் நடத்தியது என்பதெல்லாம் பார்ப்பார்கள். ஒரிஜினலை லேமினேட் செய்துவிடாதீர்கள்.

ரிலே எப்போதும் கடைசியில்தான். பாதிக் குடும்பங்கள் கிளம்பிவிட்டிருக்கும். இருந்து பாருங்கள். காலை முழுக்க தனித்தனி லேனில் மூஞ்சியை இறுக்கிக்கொண்டிருந்த நாலு பேர் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டு நிற்பது அப்போதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நீச்சலுடையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். குளோரினோடு வெயிலில் போட்டால் மூன்று மாதத்தில் தொளதொளத்துவிடும். ஈரக் கேப்புக்குள் கொஞ்சம் டால்கம் பவுடர். பிறகு ஒரு நோட்டில் தேதி, குளத்தின் நீளம், ஈவென்ட், நேரம். டி.க்யூ. ஆனதையும் எதற்கு ஆனது என்று எழுதிவையுங்கள். என் பையனின் நோட்டில் முதல் வரி இப்படி இருக்கிறது: 25 மீ. குளம், 50 ஃப்ரீ, 58.40, யாரும் பார்க்கவில்லை.